யார் எடுத்த படம்?

க்ளென்டேல்
செப்டம்பர் 14, 2009

என் கண்ணே நாரெக்,

நீ சுகம்தானே? நான் சுகம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா தாலின் சொந்தமாகப் பல் மருத்துவமனை திறந்துவிட்டாள். ரிப்பன் வெட்ட வந்த பாதிரியார் பல்லைப் பிடுங்கிக்கொண்டுதான் போனார். அவள் பிள்ளை ஷாந்த் சதுரங்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையனைத் தோற்கடித்தான், இவன் படிப்பது நாலாம் வகுப்பு. சின்னவள் நனோர் கோயிலில் தனியாகப் பாடினாள், மூன்று பேர் அழுதார்கள், அதில் நான் இல்லை, நான் மற்றவர்கள் அழுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா மொராக்கோவில் நானூறு ஒட்டகங்களை வைத்துப் படம் எடுக்கிறான். அவன் கேமராவுக்குப் பின்னால் நிற்காவிட்டால் டைரக்டருக்குக் காப்பியே இறங்குவதில்லையாம்.

அப்புறம் நீ. கோயில் பெண்கள் பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு உன் கோவேறு கழுதைப் படத்துக்குப் போனேன். கண் தெரியாத அந்தக் கழுதை பனியில் தபால் மூட்டையோடு ஏறும்போது ஒருத்தியும் கடலை கொறிக்கவில்லை. படம் முடிந்ததும் வார்த்துஹி பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அஸ்னிவ், எழுந்திருடி, பஸ் போயிடும்."

"போகட்டும். என் பேரன் பேரு இன்னும் வரல."

வந்தது. ஒளிப்பதிவு, நாரெக் பாஸ்மாஜியன். எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் வார்த்துஹி வாய் சும்மா இருக்குமா?

"ஏன்டி, எல்லாம் கம்ப்யூட்டராமே, நிஜக் கழுதையே இல்லாத படத்துல உன் பேரன் யாரைப் படம் புடிச்சான்?"

நான் படித்தது அஞ்சாவது. அவள் எட்டாவது. "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டேன். எனக்கும் புரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

அதனால் நீ செய்கிற வேலை என்ன என்று எனக்கு எழுது. போனில் சொல்லாதே, போனில் நீ பேசினால் தேனீ பேசுகிற மாதிரிதான் கேட்கிறது. உன் படம் ஒளிப்பதிவாளர் சங்கப் பரிசுக்குப் போயிருக்கிறது என்று தாலின் சொன்னாள், நிஜமா? உன் அப்பா வாங்கிய இரண்டும் என் அலமாரியில் ஓரத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. நடுவிலே இடம் துடைத்து வைத்துவிட்டேன்.

உன் போட்டோ ஒன்று அனுப்பு. என்னிடம் இருப்பது கல்லூரியில் கறுப்பு அங்கி போட்டது.

உன் கண்களை முத்தமிடும்
பாட்டி


ஓக்லாந்து
அக்டோபர் 3, 2009

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம். இங்கே தினமும் மூடுபனி. முழங்காலுக்குத் தாலின் கொடுத்த மருந்தைத் தடவுகிறீர்களா, அலமாரியில் பரிசுகளோடு வைத்திருக்கிறீர்களா?

வார்த்துஹி பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. கழுதையை வேறு ஒருவர் கம்ப்யூட்டரில் செய்கிறார், இன்னொருவர் நடக்க வைக்கிறார். அது என் கைக்கு வரும்போது உலகம் முழுக்க இருட்டு. சூரியனை எங்கே வைப்பது, ஜன்னலை எவ்வளவு திறப்பது, பார்க்கிறவர் கண் எங்கே நின்று பார்ப்பது, இதெல்லாம் நான். தபால்காரியின் சமையலறை வருகிறதே, அது உங்கள் சமையலறைதான். நாலு மணிக்கு ஆப்ரிகாட் ஜாடிகள் வழியாக மேஜையில் விழும் அந்த மஞ்சள்.

பரிசு விஷயம் உண்மை. ஆனால் கம்ப்யூட்டர் படத்தில் இருப்பது ஒளிப்பதிவுதானா என்றே சண்டை. சங்கம் ஏழு பேரை உட்கார வைத்திருக்கிறது, டிசம்பரில் முடிவு. ஏழு பேரில் அப்பா ஒருவர். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்க மாட்டேன்.

உங்களுக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன், இது நமக்குள் இருக்கட்டும். அப்பா ஒரு அந்திக்காகப் பதினோரு நாள் காத்திருந்தது உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வெளிச்சத்தைக்கூட இதுவரை தவறவிட்டதில்லை. தவறவிட எனக்கு வழியே இல்லை, ஒரு எண்ணை மாற்றினால் அந்தி திரும்பி வந்து நிற்கும். இந்தப் படத்தை யார் எடுத்தார் என்று கேட்டால் சில நாள் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் அந்தச் சமையலறையில் எட்டு மாதம் இருந்தேன், பாட்டி. ஜாடியில் எவ்வளவு மஞ்சள், அவள் கையில் எவ்வளவு நிழல் என்று முடிவு செய்தது நான்தான், எந்திரம் இல்லை. எதை இருட்டில் விடுவது என்று தேர்ந்தெடுப்பது ஒளிப்பதிவு இல்லையென்றால் அப்பா செய்வதும் அது இல்லை.

அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். போட்டோ எடுக்க நேரமில்லை, அடுத்த முறை.

அன்புடன்
நாரெக்


க்ளென்டேல்
அக்டோபர் 10, 2009

என் மகன் ஸாவேனுக்கு,

வயிறு சரியாக இருக்கிறதா? அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மணலில் நின்று வேலை செய்கிறவன் தொப்பி போடாமல் நிற்காதே, உனக்கு ஐம்பத்தெட்டு வயது.

உன் பிள்ளை எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாதே என்று எழுதியிருக்கிறான். பெற்றவளுக்கும் மகனுக்கும் நடுவே ரகசியம் என்ன? படித்துப் பார். என் சமையலறையைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தை நிறுத்திப் படி. அவனைப் பெற்ற ஆனி உயிரோடு இருந்திருந்தால் இதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள்.

ஏழு பேரில் நீ ஒருத்தனாமே. உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவன் கேட்க மாட்டான், உன்னை மாதிரியே கழுத்து வளையாதவன். அதனால் நான் கேட்கிறேன்.

படித்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு. அது என்னுடையது.

முத்தங்களோடு
அம்மா


வர்ஸாஸாத், மொராக்கோ
நவம்பர் 6, 2009

அன்புள்ள அம்மாவுக்கு,

வயிறு பரவாயில்லை. தொப்பி போடுகிறேன். இங்கே சமையற்காரர் பெரியவர் முஹா தினமும் "உங்கம்மா என்னைத் திட்டுவாங்க, இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்குங்க" என்று போட்டுக்கொண்டே இருக்கிறார். உன்னைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை, எப்படித் தெரிந்ததோ.

நாரெக்கின் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நேர்மையாக எழுதியிருக்கிறான். இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும்.

ஓட்டைப் பற்றிக் கேட்காதே. கேட்பது சரியில்லை.

என் அறைச் சுவரில் அப்பா எடுத்த படத்தை மாட்டியிருக்கிறேன். ஆறு வயதில் நான் நம் போட்டோக் கடை வாசல்படியில் உட்கார்ந்திருப்பது. வெளிச்சம் வரட்டும் என்று அப்பா அசையாமல் நின்றதும், மேகம் விலகி என் கன்னத்தில் ஒரே ஒரு கீற்று விழுந்த அந்த நொடியில் அழுத்தியதும், நினைவு தெரிந்த நாளாக அவர் சொல்லிக் கேட்ட கதை. வெளிச்சம் விருந்தாளி அம்மா. நாம் வரச்சொல்லி வருவதில்லை. காத்திருக்க வேண்டும், வராமலும் போகும். நான் செய்யும் வேலை அந்த ஒரு படத்தில் கற்றுக்கொண்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ஸாவேன்


க்ளென்டேல்
நவம்பர் 20, 2009

என் கண்ணே நாரெக்,

சுகமா? மூடுபனியில் கழுத்தைச் சுற்றிக்கொள். நான் நன்றாக இருக்கிறேன். வார்த்துஹிக்கு உன் வேலையை விளக்கிவிட்டேன். "ஓகோ, சூரியனையே உன் பேரன்தான் தூக்கி வைக்கிறானா, அப்போ எங்க பக்கத்து வீட்டுக் கூரையில கொஞ்சம் வைக்கச் சொல்லு, துணி காயல" என்கிறாள். பொறாமை.

உன் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. நீ நேர்மையானவன் என்று எழுதியிருக்கிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அலமாரியை மறுபடி துடைத்தேன்.

நம் கோயில் கிறிஸ்துமஸ் ஜனவரி ஆறாம் தேதிதானே, அன்றைக்கு இறைச்சி வைத்த மந்தி செய்கிறேன். ஒவ்வொரு கொழுக்கட்டையும் கட்டைவிரல் நகம் அளவுதான், இந்தத் தடவை முந்நூறு.

வரும்போது போட்டோவும் கொண்டு வா.

முத்தங்கள்
பாட்டி


ஓக்லாந்து
டிசம்பர் 19, 2009

பாட்டிக்கு,

சங்கத்தின் முடிவு வந்துவிட்டது. நாலுக்கு மூன்று. கம்ப்யூட்டர் படங்களில் இருப்பது ஒளிப்பதிவு ஆகாது. எங்கள் படம் பட்டியலில் இல்லை.

அது பரவாயில்லை. தோற்கலாம் என்று தெரிந்துதான் அனுப்பினோம். காரணங்களை எழுதி சங்கத்தின் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். எழுதியது அப்பா. அதில் இருக்கும் நாலு வரியை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"இந்த வேலையைச் செய்யும் இளைஞர் ஒருவரே எழுதுகிறார்: நான் ஒரு வெளிச்சத்தைக்கூட இதுவரை தவறவிட்டதில்லை. தவறவிட எனக்கு வழியே இல்லை. இந்தப் படத்தை யார் எடுத்தார் என்று கேட்டால் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இதற்கு மேல் வேறு சாட்சி வேண்டுமா?"

'சில நாள்' என்று நான் எழுதியிருந்தேன். அதைக்கூட விட்டு வைக்கவில்லை.

எங்கள் வேலைக்கூடத்தில் நாற்பது பேர் அதைப் படித்தார்கள். "எவன்டா அது, நம்ம சோத்தைத் தின்னுட்டு அங்க போய் எழுதிக் குடுத்தவன்?" என்று பக்கத்து மேஜைக்காரன் கேட்டான். நானும் அவர்களோடு சேர்ந்து, யாராக இருக்கும் என்று தலையைச் சொறிந்தேன்.

அந்த வரிகளை நான் ஒரே ஒருவருக்குத்தான் எழுதினேன். நீலத் தாளில். முகவரி உங்களுடையது.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

நாரெக்


க்ளென்டேல்
டிசம்பர் 24, 2009

என் கண்ணே,

நீ சுகமாக இருக்க வேண்டும். சளி இருந்தால் புளிப்புச் சுமாக் பொடி போட்டுக் கொதிக்க வைத்துக் குடி.

இங்கே தபாலில் என்னென்னவோ நடக்கிறது. போன மாதம் தாலின் அனுப்பிய வாழ்த்து அட்டை பிரிந்து வந்தது. புதிதாக ஒரு தபால்காரன் வந்திருக்கிறான், உறையை எல்லாம் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறவன். யாரைச் சொல்வது, யாரை விடுவது.

மாவு பிசைந்துவிட்டேன். உன் தட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நீ வந்தால் எல்லாம் பேசிக்கொள்ளலாம்.

முத்தங்கள்
பாட்டி


க்ளென்டேல்
ஜனவரி 11, 2010

ஸாவேனுக்கு,

நீ நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

ஆறாம் தேதி நாரெக் வரவில்லை. முந்நூறு மந்தியில் அவன் பங்கு அப்படியே ஆறிப்போனது. நான் எழுதியதற்குப் பதிலும் இல்லை. தபால்காரன் மேல் பழியைப் போட்டு எழுதினேன், எழுபத்தெட்டு வயதில்.

நான் செய்தது துரோகம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், அவன் சொல்லாதே என்று எழுதியிருந்ததை இரண்டு கண்ணாலும் படித்தேன். ஆனால் நீ செய்தது? எதிர்த்து ஓட்டுப் போட்டது உன் உரிமை. உன் நியாயம் உனக்கு. அவன் கடிதத்தை அச்சில் ஏற்றினாயே, அதை எங்கே கற்றாய்? அதுவும் பாதியை. 'ஆனால்' என்று அவன் எழுதிய இடத்தில் உன் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. என் சமையலறை எங்கே? எட்டு மாதம் எங்கே?

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி.

உன் சுவரில் இருக்கும் படத்தை உன் அப்பா எடுத்த அன்று மேகம் விலகவே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நம் பழைய ஊர் பூர்ஜ் ஹம்மூத் முழுக்கக் கரித்துணி மாதிரி வானம். கழுவிப் பார்த்தால் உன் முகம் பிசைந்த மாவு. "கழுதை, வெளிச்சமே இல்ல, தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குத் தாயம் உருட்டப் போனார். நான் தூக்கிப் போடவில்லை. அந்தக் கடையில் நெகட்டிவில் முகம் திருத்துவது என் வேலை, உனக்குத் தெரியும். பரு எடுப்பேன், சுருக்கம் எடுப்பேன், மூடிய கண்ணைத் திறப்பேன். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளிச்சமாக வரும். ஊசி மாதிரி சீவிய பென்சிலால் இரண்டு நாள் உட்கார்ந்து உன் கன்னத்தில் அந்தக் கீற்றைப் போட்டேன். கண்ணில் இரண்டு புள்ளியும் நான் வைத்ததுதான்.

உன் அப்பா படத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார். மறுநாள் அதைக் கடை முகப்பில் வைத்தார். வந்த ஒருவர், "மிஹ்ரான், இது எப்படிப் புடிச்சீங்க?" என்றார். "காத்திருந்தேன், மேகம் விலகுச்சு" என்றார் உன் அப்பா. நான் பின்னால் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். கதவுக் கண்ணாடியில் அவர் பெயர். அப்புறம் அந்தக் கதை உனக்கு வந்தது. உன் கண் விரிந்ததைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

நெகட்டிவை இதோடு வைத்திருக்கிறேன். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடி.

நாரெக்கின் கடிதத்தைத் திருப்பி அனுப்பு.

அம்மா


வர்ஸாஸாத்
பிப்ரவரி 2, 2010

அம்மாவுக்கு,

உடம்பு நலம்.

சாய்த்துப் பிடித்தேன். கன்னத்தில் பென்சில் பளபளக்கிறது. கண்ணில் இரண்டு புள்ளி. எங்கள் லென்ஸ் பையனிடம் பூதக்கண்ணாடி வாங்கி மறுபடி பார்த்தேன். எறும்பு நடந்த மாதிரி கோடுகள், ஒன்றோடொன்று இடிக்காமல். முஹா பெரியவர் எட்டிப் பார்த்து, "யாரு வரைஞ்சது? நல்ல கை" என்றார். பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

பரிசு வாங்கிய இரண்டு முறையும் மேடையில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். ஆயிரம் பேர் கேட்டார்கள். நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் எல்லோரும் இதைச் சொல்லித் திரிகிறார்கள். நீ முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். யாருக்கம்மா கைதட்டினாய்?

நாரெக்கின் வார்த்தையை எடுத்தது தப்பு. அதை எழுதியபோதே தெரியும். எங்கள் ஆட்கள் வெயிலில் நின்று, மழையில் நின்று, வராத வெளிச்சத்துக்காக வயதைத் தொலைத்தவர்கள். நாளைக்கு அவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் எனக்கு. என் பயத்தை என் வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும். அவன் என்னைவிட நன்றாகச் சொல்லியிருந்தான்.

அவனுக்கு நான் எழுதவில்லை. ஓட்டை இனி மாற்ற முடியாது. மாற்றலாம் என்றால் இன்றைக்கு எந்தப் பக்கம் போடுவேன் என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் உன்மேல் கோபம்.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். அவன் கடிதம் இதோடு. நெகட்டிவ் என்னிடம் இருக்கட்டும்.

ஸாவேன்


க்ளென்டேல்
பிப்ரவரி 20, 2010

நாரெக்,

நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். சுகமா?

உன் நீலத் தாள் இதோடு வருகிறது. அதை உன் அப்பாவுக்கு அனுப்பியது நான். தபால்காரன் ஒரு பாவமும் அறியாதவன். நேற்று அவனுக்கு ஒரு தட்டுப் பக்லாவா இனிப்பு கொடுத்தேன். "என்ன விசேஷம் பாட்டி?" என்றான். "உன்னைப் பத்தி ஒரு பொய் சொல்லிட்டேன்ப்பா" என்றேன். "பக்லாவா இவ்வளவு நல்லா இருந்தா வாரத்துக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று போய்விட்டான். எல்லோரும் அப்படி விட்டுவிட மாட்டார்கள், தெரியும்.

நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. அது நீ செய்ய வேண்டியது, நான் கேட்டு வாங்க வேண்டியதில்லை. உன் அப்பாவும் நானும் ஒருவருக்கொருவர் எழுதியதைக் கையால் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவனைக் கேட்காமல்தான். கடிதத்தைக் காட்டிக் கொடுப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது என்று நினைப்பாய். இந்த ஒரு தடவை நினைத்துக்கொள். எழுத்து கோணலாக இருக்கும், மூன்று நாள் ஆனது. படித்தால் உன் தாத்தா எடுத்த படத்தைப் பற்றித் தெரிந்துகொள்வாய்.

யாருக்குக் கைதட்டினாய் என்று உன் அப்பா கேட்டிருக்கிறான். அவனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. உனக்கு எழுதுகிறேன். எனக்குத்தான் தட்டிக்கொண்டேன். இரண்டு தடவையும். வேறு யாரும் தட்டப் போவதில்லை என்று தெரியும்.

அதனால்தான் உனக்கு வர வேண்டியது வந்தே ஆக வேண்டும் என்று ஆட்டம் போட்டேன். ஆட்டம் போட்டு, இருந்ததையும் கெடுத்தேன்.

போன ஞாயிறு வார்த்துஹி மறுபடி ஆரம்பித்தாள்.

"என்னடி, உன் பேரன் எடுத்தது படமே இல்லைன்னு சங்கத்துல சொல்லிட்டாங்களாமே. அப்போ அந்தக் கழுதைப் படத்தை எடுத்தது யாரு?"

"என் பேரன்" என்றேன். அவள் எட்டாவது வரை படித்தவள்தான், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அலமாரியில் நடு இடம் காலியாகவே இருக்கிறது. உன் அப்பாவின் பரிசுகளைத் தள்ளி வைத்து மூடவில்லை. மார்ச்சில் அவன் வருகிறான். வந்து எங்கே உட்காருவான், என்னோடு பேசுவானா, தெரியாது. உன்னை அன்றைக்கு வா என்று கூப்பிட மாட்டேன்.

ஒன்றே ஒன்று. உன் புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. கேமராவில் எடுத்தாலும் சரி, கம்ப்யூட்டரில் செய்தாலும் சரி. கண்ணில் வெளிச்சம் இல்லாவிட்டால் இல்லாமலே அனுப்பு. நான் பென்சில் எடுக்க மாட்டேன்.

பாட்டி
அஸ்னிவ்